நடைவழிக் கூரையா, அறைச் சுவரா: 26 அறைகளுக்கு வைஃபை மாற்றிய அனுபவம்

கூரையா சுவரா என்று கேட்டால் நான் சுவர்ப் பக்கம். நடுநிலையான அலசல் தேடி வந்தவர்கள் பிறகு ஏமாறக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே, மூன்று கடைவீடுகளைச் சேர்த்து நடத்தும் 26 அறை ஹோட்டல் எங்களுடையது. எங்களுடையது என்று வாய் சொல்கிறதே தவிர முதலாளி வேறு. தண்ணீர் பம்ப், ஏர்கான், வைஃபை எல்லாம் என் தலையில். 14 மாதங்களுக்கு முன்பு, நடைவழிக் கூரையில் தொங்கிய ஏழு ஆக்சஸ் பாயிண்ட்களை, அதாவது வைஃபை சிக்னல் வீசும் பெட்டிகளை, கழற்றிவிட்டு, அறைக்கு ஒன்றாகச் சுவரில் பொருத்தும் வகைக்கு மாறினோம்.

ஒன்றிடமிருந்து ஒன்று கம்பியில்லாமல் சிக்னல் வாங்கிக் கடத்தும், வீட்டுக்கு வாங்கும் மெஷ் பெட்டிகளைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுதத் தேவையில்லை. முதலாளியின் மருமகன் ஒரு செட் வாங்கிவந்து, "இதை ரூமுக்கு ஒண்ணு சொருகிட்டா முடிஞ்சுது" என்றார். சொருகினோம். விருந்தினர் கீகார்டை உருவிக்கொண்டு சாப்பிடப் போனதும் அறையில் கரண்ட் போனது, பெட்டியும் அணைந்தது. அதை நம்பித் தொடர்பு பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து அறைப் பெட்டியும் சேர்ந்து தடுமாறியது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் பிஓஇ வகைகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மெஷ் கதை அதோடு முடிந்தது.

மிச்சம் இரண்டு. நடைவழிக் கூரையில் வட்டத் தட்டு மாதிரி ஏழெட்டு வைப்பது, அல்லது டெலிபோன் பாயிண்ட் இருந்த இடத்தில் அறைக்கு ஒன்று வைப்பது. முதல் வழியில் பெட்டி குறைவு, கேபிள் குறைவு, செலவும் குறைவு. காண்ட்ராக்டர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நடைவழியில் நின்று போனைக் காட்டினால் சிக்னல் கோடு முழுசாகவே நிற்கும்.

கட்டிலில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். எந்த ஹோட்டல் அறையையும் மனதில் கொண்டுவாருங்கள். கதவைத் திறந்ததும் பக்கத்தில் குளியலறை, அதைத் தாண்டித்தான் கட்டில். நடைவழியிலிருந்து வரும் சிக்னல் தீத்தடுப்புக் கதவையோ, குளியலறையின் டைல்ஸ், தண்ணீர்க் குழாய், முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவற்றையோ கடந்தாக வேண்டும். கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், சிக்னலைத் திருப்பி அடித்துவிடும். இன்னொரு பக்கம், நீண்ட நேர்க்கோட்டு நடைவழியில் ஏழு பெட்டிகளும் ஒன்றையொன்று தெளிவாகக் கேட்கும். ஒரே சேனலில், அதாவது ஒரே அலைப்பாதையில், இரண்டு இருந்தால் ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். அறைக்குள் சிக்னல் போதவில்லையே என்று பவரைக் கூட்டினால் இந்த இடைஞ்சலும் சேர்ந்து கூடுகிறது. நாங்கள் மூன்று வருடம் செய்தது அதைத்தான்.

கடைவீடுகளுக்கென்று ஒரு தனிக் குணமும் உண்டு. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989ல் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள பழைய செங்கல் பொதுச்சுவரை நம் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. எங்கள் கட்டடத்தில் மாடித் தளம் பலகை. அதனால் 204ல் இருக்கும் பெட்டி, செங்கல் சுவருக்கு அந்தப் பக்கமுள்ள 205ஐ விட, தலைக்கு மேலுள்ள 304க்கு நன்றாக எட்டுகிறது. பக்கத்து அறைகளுக்குச் சேனல் பிரித்துக் கொடுத்துவிட்டு மேல் அறையை மறந்துபோன முதல் வாரத்தில் நன்றாக முழித்தோம். இப்போது சேனல் பங்கீட்டை மாடி மாடியாகப் போடாமல் செங்குத்தாகப் போட்டிருக்கிறேன். பவரைக் குறைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸை ஒரு அறை விட்டு ஒரு அறை அணைத்துவிட்டோம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். 26 பெட்டிகளும் அங்கே கத்தினால் சந்தைதான்.

வேகமோ சிக்னலோ மட்டும் காரணமாக இருந்திருந்தால் முதலாளி இந்தச் செலவுக்குச் சம்மதித்திருக்க மாட்டார். அவரை இறங்கிவர வைத்தது பராமரிப்பு.

பழைய ஏற்பாட்டில் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும். "அண்ணே, 203ல வைஃபை விட்டு விட்டு வருதாம்." நான் வந்து நடைவழியில் நின்று பார்த்தால் எல்லாம் சரி. விருந்தினரின் போன் ஏழில் எதைப் பிடித்திருக்கிறது? கதவுக்கு எதிரே இருப்பதையா, மூலையில் இருப்பதையா? பட்டியலைத் திறந்து தேடுவதற்குள் அவர் தூங்கியிருப்பார், காலையில் மதிப்புரையில் எழுதியிருப்பார். ஒரு பெட்டி உண்மையிலேயே செத்தாலோ நாலு அறைக்குச் சேர்ந்து அடி. அதை மாற்ற ஏணி, ஃபால்ஸ் சீலிங் மூடி, மேலே ஏர்கான் குழாய். அந்தக் குழாயில் வேர்த்து ஒழுகிய தண்ணீரில்தான் எங்கள் ஏழில் இரண்டு போயின. குழாயின் இன்சுலேஷனைச் சரிசெய்ய வந்த ஏர்கான் ஆள் மூன்றாவதன் கேபிளை இழுத்துவிட்டுப் போனார். பகலில் ஏணியை விரித்தால் செக்-இன் பெட்டிகள் உருள வழியில்லை. ராத்திரி விரித்தால் சத்தம்.

இப்போது 203 என்று புகார் வந்தால் 203ன் பெட்டிதான், தேடவே வேண்டாம். ராத்திரி ரிசப்ஷனில் இருக்கும் தம்பிக்கு ஒரே ஒரு பொத்தானைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். எல்லாப் பெட்டிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கன்ட்ரோலர் மென்பொருளின் திரையில் அந்த அறையின் போர்ட்டுக்கு மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுப்பது. விருந்தினரின் கதவைத் தட்ட வேண்டியதில்லை. நேர்மையாகச் சொன்னால் கூரைப் பெட்டிகளுக்கும் இதைச் செய்திருக்கலாம், அவையும் பிஓஇதான். ஆனால் ஒரு அறைக்காக நாலு அறை இணைப்பை அறுக்கும் தைரியம் அந்தத் தம்பிக்கு வரவில்லை, எனக்கும் வராது.

அதற்கும் மசியாவிட்டால் மாற்று. செக்-அவுட்டுக்கும் செக்-இன்னுக்கும் இடையில் ஹவுஸ்கீப்பிங் அக்கா விரிப்பு மாற்றப் போகும்போது கையில் ஒரு புதுப் பெட்டியும் சின்ன ஸ்குரூ டிரைவரும் எடுத்துப் போவார். அடியில் ஒரு திருகு. அதைத் தளர்த்தினால் பெட்டி தகட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். பின்னாலுள்ள கேபிளின் நாக்கை அமுக்கி உருவி, புதியதில் 'டிக்' என்று சத்தம் வரும்வரை செருகி, மேலே ஏற்றித் திருகை முடுக்கினால் ஆயிற்று. கீழே நான் கன்ட்ரோலரில் அதைச் சேர்த்துக்கொள்வேன். முதல் தடவை அக்கா என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துச் செய்தார். இரண்டாவது தடவை, "தம்பி, மாத்தியாச்சு, நீ உன் வேலையைப் பாரு" என்று போனில் சொன்னார்.

பெட்டி எண்ணிக்கை கூடினால் பழுதும் கூடும், அதை மறைக்கவில்லை. 14 மாதத்தில் மூன்று மாற்றியிருக்கிறோம். ஒன்று தானாகப் போனது. ஒன்றின் அடிப்பக்கப் போர்ட்டை யாரோ லேப்டாப் கேபிளோடு பிய்த்து எடுத்திருந்தார்கள். மூன்றாவது எப்படிப் போனதென்று கேட்காதீர்கள், அந்த அறையில் ஒரு குழந்தை தங்கியிருந்தது. இதைவிடப் பெரிய தலைவலி, கதவில் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை மூன்று நாள் மாட்டிவைக்கும் விருந்தினர். அப்போது பெட்டி செத்தால் உள்ளே போக வழியில்லை. அந்த ஒரு விஷயத்தில் நடைவழிதான் வசதி. ஐந்து வருடம் தாங்குமா என்பதற்கு என் 14 மாதம் சாட்சி ஆகாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது பின்பெட்டி. நம் ஊரில் சுவருக்குள் இருப்பது பிரிட்டிஷ் பாணி 86 மில்லிமீட்டர் சதுரம். சந்தையில் சில வகை அமெரிக்கப் பெட்டிக்கென்று வரும், ஓட்டை பொருந்தாது. அகலம் சரியாக இருந்தாலும் உயரத்தைப் பாருங்கள். நாங்கள் எடுத்தது 86 அகலம், 143 உயரம். அதாவது பழைய டெலிபோன் முகப்பைவிடக் கீழே நீளும். ஐந்தாறு அறைகளில் கட்டிலோர மேசை விளிம்பில் இடித்தது, மேசையை நகர்த்தினோம். எங்கள் பின்பெட்டிகள் 25 மில்லிமீட்டர் ஆழம்தான். கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிளை அதற்குள் மடக்கும்போது விரல் நகம் பெயர்ந்துவிடும். 35 ஆழம் இருந்தால் புண்ணியம். பழைய டெலிபோன் கம்பியையே பயன்படுத்தலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும்.

விளக்கையும் மறக்க வேண்டாம். தலையணையிலிருந்து ஒரு முழத்தில் நீல வெளிச்சம் எரிந்தால் யார் தூங்குவது? முதல் மாதத்தில் ஒரு விருந்தினர் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை அதன்மேல் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். கன்ட்ரோலரில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டேன். பெட்டி மாற்றும் நாளில் மட்டும் எரியவிடுவேன்.

அடியிலுள்ள போர்ட்கள் இந்த வகையின் உண்மையான உபரி லாபம். டிவிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. ஆனால் பயன்படுத்தாத போர்ட்டை அணையுங்கள், அல்லது விருந்தினருக்கென்று தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில் (வீலேன்) போடுங்கள். இல்லாவிட்டால் கேபிள் செருகத் தெரிந்த யாரும் உங்கள் பில்லிங் கணினிக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடலாம். போர்ட்டிலிருந்து நெட்வொர்க்கில் ஓடும் ஐபி போனுக்கு மின்சாரமும் கொடுக்க நினைத்தால், எல்லா அறைக் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் 802.3ஏடி தரத்தில் 30 வாட் கொடுக்க வேண்டும். அது வேண்டாமென்றால் 15.4 வாட் தரம் போதும். 24 போர்ட்டுக்கும் முழுசாகக் கணக்குப் போட்டால் 369.6 வாட். கடையில் 370 வாட் என்று எழுதிய சுவிட்ச் ஏன் இவ்வளவு இருக்கிறதென்று அப்போதுதான் புரிந்தது. எங்களுக்கு அறை 26, சுவிட்சில் போர்ட் 24. அந்த இரண்டு அறைக்காக எட்டுப் போர்ட்டில் இன்னொன்று வாங்கினேன். முதலாளி இன்றும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

பிராண்ட் பற்றிச் சுருக்கமாக. வைஃபை 6ல் நான்கைப் பார்த்தோம்: ரக்கஸ் எச்550, அருபா 505எச், யூபிக்விட்டி யூ6 இன்-வால், டிபி-லிங்க் ஓமாடா இஏபி615-வால். பெரிய ஹோட்டலாக இருந்தால் ரக்கஸ் கேட்டிருப்பேன். ஆனால் எங்கள் கணக்கில் ஒன்றின் விலைக்கு ஓமாடா கைநிறைய வந்தது. இரண்டு உபரியை மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்வது அக்கா மாற்றும் முறைக்கு அவசியம், விலையுயர்ந்த பெட்டியில் அதற்கு மனம் வராது. ஓமாடா, யூபிக்விட்டியின் யூனிஃபை இரண்டுக்கும் கன்ட்ரோலர் மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. சிஸ்கோவின் மெராக்கி போன்றவை சந்தா கட்டினால்தான் ஓடும், அதனால் அந்தப் பக்கம் போகவே இல்லை. யூனிஃபையின் திரை அழகு, ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் வாங்கிய வாரத்தில் 28 சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எதை வாங்கினாலும் உள்ளூர் செட்டாக வாங்குங்கள். தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தில் பதிவான மாடலாக இருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கு வந்த சில பெட்டிகளில், எந்த நாட்டு அலைவரிசை விதிப்படி ஓட வேண்டும் என்ற அமைப்பை மாற்றவே முடியாது.

6 கிகாஹெர்ட்ஸ் என்ற புது அலைவரிசைக்காகக் காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இங்கே 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்குத் திறந்தாயிற்று. அந்த அலை சுவரை இன்னும் கஷ்டப்பட்டுத்தான் தாண்டும் என்பதால் அறைக்கு ஒன்று என்ற முறைக்கு அது சாதகம்தான். ஆனால் நான் கையால் தொட்டுப் பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் பேச மாட்டேன்.

சின்ன அலுவலகத்துக்கு இதையே சொல்வேனா? மாட்டேன். ஊபியில் கணக்காளர் அலுவலகம் வைத்திருக்கும் நண்பர் என் பேச்சைக் கேட்டுச் சுவர்ப் பெட்டி வாங்கக் கிளம்பினார். போய்ப் பார்த்தேன். ஒரே திறந்த கூடம், பதினைந்து பேர், நெட்வொர்க் பாயிண்ட்கள் எல்லாம் முழங்கால் உயரத்தில் இரும்பு ஃபைல் அலமாரிக்குப் பின்னால். அங்கே சுவரில் வைத்தால் அலமாரிக்குத்தான் வைஃபை. ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் கிளிப் போட்டு இரண்டு வட்டத் தட்டு மாட்டினால் போதும். துளையும் வேண்டாம், குத்தகை முடிந்து இடத்தைப் பழையபடி திருப்பிக் கொடுக்கும்போது வேலையும் மிச்சம். கண்ணாடி வைத்த சந்திப்பு அறையில் மட்டும் ஒரு சுவர்ப் பெட்டி வைக்கச் சொன்னேன், அங்கே டிவிக்கும் போனுக்கும் போர்ட் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மாட்டப் போகிறார். எங்கள் ஏணியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன், எப்போது திருப்பித் தருவார் என்று கேட்கவில்லை.