கோடையில் கேரவன் பயணம்: டார்லிங் கரையா, மர்ரே கரையா?

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஆற்றுப் பகுதிகளை ஜனவரி வெயிலில் கேரவனில் சுற்ற விரும்புவோர், டார்லிங் ஆற்றை ஒட்டி பர்க், லௌத் வழியாகச் செல்வதா, மர்ரே கரையிலுள்ள மில்டூராவில் தங்குவதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். வெப்பம் இரண்டு இடங்களிலும் 40 டிகிரியைத் தாண்டக்கூடும். வேறுபாடு நீரில்தான் இருக்கிறது.

மர்ரேயின் நீர்மட்டத்தைத் தடுப்பணைகள் பெருமளவு நிலையாக வைத்திருக்கின்றன; கேரவன் பூங்காக்களில் மின் இணைப்பு இருப்பதால் நண்பகலில் குளிர்சாதனத்தையும் இயக்கலாம். டார்லிங்கோ, வறட்சியில் தனித்தனிக் குட்டைகளாகச் சுருங்கிவிடும் ஆறு. 2019 ஜனவரியில், வெயிலில் பெருகிய பாசி மடிந்து நீரில் ஆக்சிஜன் குறைந்ததால், டார்லிங் கரை ஊரான மெனிண்டியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. அங்குள்ள மண்சாலைகளோ ஒரு மழைக்கே மூடப்பட்டுவிடும். ஆயினும், ஆளரவமற்ற கரையில் வெள்ளைக் காக்கட்டூக் கிளிகளின் இரைச்சலோடு புலரும் விடியல் டார்லிங்கில்தான் வாய்க்கும். (இரு கரைகளிலும் யூகலிப்டஸ் மர நிழலில் வண்டியை நிறுத்தலாகாது, பெருங்கிளைகள் திடீரென முறிந்து விழுவதுண்டு.)

கோடைக்கு என் தேர்வு மர்ரேதான். டார்லிங் பயணத்தை அங்கே குளிர்காலமான ஜூலைக்கு ஒதுக்குவேன். இரண்டையும் பார்த்தே தீர வேண்டுமென்போர், மில்டூராவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் அவை கலக்கும் வென்ட்வொர்த்துக்குக் காலையிலேயே சென்று திரும்பலாம்.