அத்தையின் மூக்கும் ஒரு புட்டி ஃபார்மலினும்

கோபியில் கல்யாணம், பண்ணாரிக்குப் பயணம் எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அவற்றை விடுகிறேன். என் எரிச்சல் முழுவதும் விரல் நீளமுள்ள ஒரு புட்டியின் மேல்.

அத்தைக்கு ஒரு பக்கம் மூக்கடைப்பு, பொருக்கு, அவ்வப்போது ரத்தம். மில்லில் வேலை பார்த்த காலத்துப் பஞ்சுத் தூசி என்றும் சைனஸ் என்றும் சொட்டு மருந்திலேயே மாதங்கள் ஓடியிருந்தன. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நான் வசிக்கும் மெல்பர்னில் காத்திருந்து எடுக்க வேண்டிய சிடி ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் ஒரே நாளில் முடிந்தன. மூக்கின் நடுச்சுவரில் புண், சோதனைக்குச் சதை எடுத்தார்கள். நம் ஊர் நம் ஊர்தான் என்று பூரித்துப் போனேன்.

அறிக்கையில் புற்றுநோய் இல்லை, அழற்சியால் செல்கள் திரளும் கிரானுலோமா என்றிருந்தது. அப்படியென்றால் காசநோயாக இருக்கலாம். அது மூக்கில் வருவது அரிது. நுரையீரல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் வரலாம். ஆனால் பூஞ்சையும் ரத்தக்குழாய் அழற்சியும்கூட இப்படிக் காட்டும் என்பதால் கிருமியைத் தேட வேண்டும். சிபிநாட் சோதனை இரண்டு மணி நேரத்தில் கிருமியைக் கண்டுபிடித்து, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதற்கு எடுபடுமா என்றும் சொல்லிவிடும். மீதிச் சதையைக் கேட்டோம். அத்தனையும் சதை கெடாமல் காக்கும் ரசாயனமான ஃபார்மலினில்! அதில் கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் வளராது. ஒரு துண்டை உப்புக் கரைசலான சலைனில் போட்டிருந்தால் போதும். "எப்போதும் இப்படித்தானுங்க அனுப்புவோம்" என்றார் ஊழியர், கொங்கு மரியாதை கொஞ்சமும் குறையாமல். கோபப்படவும் முடியவில்லை.

"மறுபடியும் கிள்ளுவாங்களா கண்ணு?" என்றார் அத்தை. கிள்ளினார்கள். அதற்கும் முழுக் கட்டணம். ரசீதில் புட்டிக்கென்று தனியாக ஒரு தொகை.

இந்த முறை சலைன் புட்டியைக் கொடுத்தவர் அரசு ஆய்வகத்துக்காரர். பெயர் எழுதி ஒட்டி, "ஃபார்மலின் வேண்டாமுங்க என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்க" என்று எச்சரித்தும் அனுப்பினார். கிருமி உறுதியானது, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை.

அப்பாரு காலத்தில் இந்த நோய் என்றால் பெருந்துறை சானடோரியத்துக்குப் பெட்டி கட்டுவார்கள். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950களில் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வுதான். அத்தைக்கு இப்போது ஆறு மாத மாத்திரை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு மூன்று. அரசுத் திட்டத்தில் எல்லாம் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சிறுநீர் ஆரஞ்சாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தனியார் மருத்துவமனையோ கருத்துக் கேட்டு எனக்குத் தினமும் குறுஞ்செய்தி அனுப்புகிறது.