நாய் பயத்துக்கு எட்டு வாரச் சிகிச்சை: போய் வந்தவன் எழுதுகிறேன்

பாளையங்கோட்டைப் பக்கம் வீடு வீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுக்கிற வேலை எனக்கு. 19 வருஷமாகிறது. இந்த வேலையில் வெயிலைவிட நாய்தான் பெரிய கஷ்டம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் விஷயத்தில் அது கஷ்டம் என்பதைத் தாண்டி நோயாகவே ஆகிவிட்டது. கேட்டுக்குள் சங்கிலி உரசுகிற சத்தம் கேட்டாலே கை விறைத்துவிடும். "அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாது, உள்ள வாங்க" என்று வீட்டுக்காரம்மா கூப்பிடுவார். "நீங்க அதப் பின்பக்கம் கட்டுங்கம்மா, நான் அடுத்த தெருவ முடிச்சிட்டு வாறேன்" என்று வண்டியைத் திருப்பிவிடுவேன். சில நாள் திரும்பிப் போகவே மாட்டேன்.

1988-இல், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்து வைத்தியப்படி தொப்புளைச் சுற்றி 14 ஊசி. கடித்த வலி மறந்துபோயிற்று. ஊசிக்காக சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது மறக்கவில்லை.

முதலில் வேறு ஓரிடத்துக்குப் போனேன். ஐந்து நிமிஷம் பேசிவிட்டு மாத்திரை எழுதித் தந்தார்கள். நாய் இருக்கிற தெருவுக்குப் போகுமுன் அரை மாத்திரை போட்டால் படபடப்பு அடங்கும். ஆனால் வண்டி ஓட்டும்போது கண் சொருகும், மாத்திரை இல்லாத நாளில் பழைய பயம் அப்படியே நிற்கும். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. அப்புறம்தான் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, மனநல ஆலோசகர் ஒருவர் நடத்துகிற இந்தச் சின்ன மையத்துக்குப் போனேன். எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் 50 நிமிஷம், தலா 1,000 ரூபாய்.

முதல் நாளே அந்த மேடம் சொன்னது: "சார், உங்க பயத்த என்னால அழிக்க முடியாது. அதுக்குப் பக்கத்துல வேற ஒண்ண எழுதலாம்." எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கா 8,000 ரூபாய் என்று தோன்றியது. ஆனால் இன்றைக்கு இந்த இடத்தை நான் மனதாரப் பரிந்துரைப்பது இந்த ஒரு பேச்சுக்காகத்தான். பாவ்லவ் என்கிற ரஷ்ய விஞ்ஞானியின் நாய்களை வைத்தே அதை விளக்கினார். ஒரு சத்தம் கேட்டதும் எச்சில் ஊறப் பழகிய நாய்க்கு, தீனி வைக்காமல் அந்தச் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எச்சில் ஊறுவது நின்றுபோகும். கொஞ்சம் ஓய்வு விட்டுவிட்டு மறுபடி கொடுத்தால் எச்சில் திரும்பி வரும். பழசு எங்கேயும் போகவில்லை, மேலே புதுசு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சங்கிலிச் சத்தத்துக்கே கை விறைப்பது ஏன் என்று கேட்டேன். 1980களில் ஜோசப் லெடூ என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு ஒரு சத்தத்தையும் காலில் லேசான ஷாக்கையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். சத்தத்தை அலசிப் பார்க்கிற மேல்மூளைப் பகுதி சேதமான எலிகூட அந்தச் சத்தத்துக்குப் பயப்படக் கற்றுக்கொண்டது. காதில் விழுந்தது தலாமஸ் என்கிற இடத்திலிருந்து நேராகவே அமிக்டலாவுக்குப் போய்ச் சேர்கிறது. அமிக்டலா என்பது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற பொட்டுக்கு உள்பக்கமாக, இரண்டு புறமும் ஆழத்தில் இருக்கிற பாதாம் பருப்பு மாதிரியான ஒரு பகுதி. இது நாய்ச் சங்கிலியா, ஊஞ்சல் சங்கிலியா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் உடம்பு தயாராகிவிடுகிறது. கோழை, கோழை என்று முப்பது வருஷமாக என்னையே திட்டிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ அந்தப் பாதாம் பருப்ப எடுத்துட்டா பயமே வராதா மேடம்?" என்றும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அரிதான ஒரு வியாதியால் இரண்டு பக்க அமிக்டலாவும் பழுதான ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஆராய்ச்சிகளில் அவரை எஸ்.எம். என்றுதான் குறிப்பிடுவார்களாம். பாம்பைக் கையில் வாங்கிப் பார்க்கிற அளவுக்கு அவருக்குப் பயம் கிடையாது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 35 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றை ஒரு இழுப்பு சுவாசிக்க வைத்தார்கள். அவரும் பதறிப்போனார். எல்லாப் பயமும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன். லெடூவே பிற்பாடு, அமிக்டலாவை 'பயத்தின் மையம்' என்று சொல்லாதீர்கள், உடம்பு உதறுவது வேறு, மனசு பயத்தை உணர்வது வேறு என்று எழுதிவிட்டாராம்.

இன்னொரு விஷயம் என்னை உலுக்கியது. நாயைப் பார்த்து வண்டியைத் திருப்பியதும் "அப்பாடா" என்று ஒரு நிம்மதி வரும் அல்லவா, மூளைக்கு அந்த நிம்மதியே பரிசு. பரிசு கிடைத்த காரியத்தை அது மறுபடி செய்யச் சொல்லும். 19 வருஷமாக ஒவ்வொரு தெருவிலும் என் பயத்துக்கு நானே தீனி போட்டு வளர்த்திருக்கிறேன். மாத்திரையும் அதே கதைதான். தப்பித்த பெருமை மாத்திரைக்குப் போய்விடும், நாய் கடிக்கவில்லை என்ற பாடம் மனதில் ஏறாது. (நான் மாத்திரையை டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்லத்தான் குறைத்தேன். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

சிகிச்சை என்பது ஒரு நாற்பது பக்க நோட்டும் செவலை என்கிற ஒரு நாட்டு நாயும்தான். நோட்டில் மூன்று கட்டம்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், அது நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு, என்ன நடந்தது. இரண்டாம் வாரம் படங்கள், மூன்றாம் வாரம் குரைப்புச் சத்தம், நான்காம் வாரம் இருபது அடி தள்ளிச் செவலை. ஐந்தாம் வாரம் அதை என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். விரலில் மாட்டியிருந்த கருவி நாடித்துடிப்பு 138 என்று காட்டியது. 'கையைக் கடிக்கும், 80' என்று எழுதிவிட்டுக் கையை நீட்டினேன். ஈரமான மூக்கு முதலில் விரல் நுனியில் பட்டது, அப்புறம் உள்ளங்கையில். சூடான மூச்சு. காதுக்குப் பின்னால் ரோமம் நான் நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது. மூன்றாவது கட்டத்தில் 'நக்கியது' என்று எழுதும்போது எழுத்து கோணல்மாணலாக வந்தது. அந்தப் பக்கத்தை இப்போதும் வைத்திருக்கிறேன்.

எண்ணை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எதிர்பார்த்ததும் நடந்ததும் எவ்வளவு தூரம் விலகுகிறதோ, மூளை அவ்வளவு நன்றாகக் கற்கிறது. வரும் என்று நினைத்த ஷாக் வராமல் போகும்போது எலியின் மூளையில் டோபமைன் என்கிற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் சுறுசுறுப்பாவதைப் பார்த்திருக்கிறார்கள். எதிர்பாராமல் நல்லது கிடைத்தால் துடிக்கிற அதே டோபமைன்.

குறைகளும் சொல்ல வேண்டும். அறைகளுக்கு நடுவே இருப்பது பிளைவுட் தடுப்பு. பக்கத்து அறையில் ஒருவர் அழுவது எனக்குக் கேட்டது. நான் பேசியதும் அங்கே கேட்டிருக்கும். மனம் விட்டுப் பேச வருகிற இடத்தில் இப்படி இருக்கக் கூடாது, உடனே சரிசெய்ய வேண்டும். அடுத்தது, ஆறாம், ஏழாம் அமர்வுகளையும் மையத்துக்குப் பின்னால் இருக்கிற அதே தெருவில், அதே செவலையோடு வைத்தார்கள். அங்கே நான் ராஜா. என்னுடைய ஏரியாவுக்குப் போனதும் பழைய விறைப்பு திரும்பிவிட்டது. ஓரிடத்தில் அடங்கிய பயம் இடம் மாறினால் எழும்பும் என்பதை மார்க் பவுட்டன் என்பவர் எலிகளை வைத்து எப்போதோ காட்டிவிட்டாராம். தெரிந்தவர்கள் முதலிலேயே இடத்தை மாற்றியிருக்கலாமே? நேராகவே கேட்டேன். மேடம் தப்பை ஒத்துக்கொண்டு, எட்டாவதையும் கூடுதலாக இரண்டு அமர்வுகளையும் என் ரீடிங் தெருக்களிலேயே, காலை ஏழு மணிக்கு வந்து நடத்தினார். கூடுதல் இரண்டுக்கும் பாதிக் கட்டணம்தான் வாங்கினார்.

தைரியம் என்ற பெயரில் அசட்டுத்தனத்தைச் சொல்லித் தராததும் பிடித்தது. குட்டி போட்ட நாய், தின்றுகொண்டிருக்கிற நாய், இவற்றின் பக்கம் இன்றைக்கும் போகக் கூடாது. ஓடக் கூடாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. இப்போது தொப்புள் ஊசி கிடையாது, கையில்தான். தோலுக்குள் போடுகிற முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். இது தெரிந்ததிலேயே எனக்குப் பாதிப் பயம் இறங்கிவிட்டது.

போன தடவை ரீடிங் எடுக்கும்போது, வழக்கமாக நான் வண்டியைத் திருப்புகிற அந்த இரண்டு நாய் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று நோட்டில் 40 என்று எழுதினேன். சங்கிலி உரசியது, கை கொஞ்சம் விறைத்தது, தாழ்ப்பாளைத் தூக்கினேன். ரீடிங்கைப் பார்த்து அட்டையில் எழுதி முடிக்கிறவரை ஒன்று குரைத்துக்கொண்டே இருந்தது, இன்னொன்று என் செருப்பை மோந்து பார்த்தது. வீட்டுக்காரம்மா ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நான் கட்டுறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க!"