தபால் பெட்டிக்கு 14,500 ரூபாய்: காரைக்குடி பக்கம் இரும்பு வேலை கொடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெருவாசலில் நடுவதற்கு ஒரு இரும்புத் தபால் பெட்டியும் அதற்குக் கம்பமும் செய்ய ஒரு வெல்டிங் பட்டறையில் 14,500 ரூபாய் கொடுத்தேன். இந்த ஐப்பசி மழையில் பெட்டிக்குள் தண்ணீர் நின்று, உள்ளே கிடந்த தபாலெல்லாம் கூழாகிவிட்டது. பட்டறைக்காரர் இப்போது என் போனை எடுப்பதே இல்லை.

தபால் பெட்டிக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் செட்டிநாட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நாங்கள் புழங்குவது இரண்டாங்கட்டிலும் அடுப்படியிலும்தான். முகப்பில் நின்று தபால்காரர் கூப்பிட்டால் எங்களுக்குக் கேட்காது. திண்ணையில் வைத்துவிட்டுப் போவார், காற்றடித்தால் தெருவுக்குப் போய்விடும். வீடு பங்காளிகளுக்குப் பொது, பாதிப் பேர் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கோயில் கடிதம், கல்யாணப் பத்திரிகை, வீட்டுவரி நோட்டீஸ், எல்ஐசி என்று அத்தனை பேருக்கும் இந்த ஒரே விலாசம். ஒருவருடைய கடிதம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியது நான்தான்.

அதனால் நானே அளவு போட்டேன். உயரம் 18 அங்குலம், அகலம் 12, ஆழம் 8. தகடு 16 கேஜ் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, கனம் 1.6 மில்லிமீட்டர். கூரை முன்பக்கம் சரிந்து இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் கடிதம் போடும் வாயில் சாரல் அடிக்காது. மூட்டுகள் முழு நீளத்துக்கும் வெல்டிங். கீல் ஸ்டெயின்லெஸ். கம்பத்துக்கு 2 அங்குலச் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம், மேல்வாய் மூடி. பெயிண்ட் வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோகும், அதனால் துத்தநாக பெயிண்டை முதலில் தடவி, அப்புறம் ப்ரைமர், அதற்கு மேல் பெயிண்ட் என்று நானும் என் தம்பியும் வீட்டிலேயே அடித்துக்கொள்வதாக ஏற்பாடு. குழி தோண்டிக் கான்கிரீட் போடுவதும் நாங்களே.

பட்டறையில் என்ன மரியாதை தெரியுமா! என் தாளை வாங்கிச் சுவரில் ஒட்டினார். அடுக்கிலிருந்து ஒரு ஜிஐ தகட்டை உருவி, "தொட்டுப் பாருங்க ஆச்சி, இதுதான் உங்க பெட்டி" என்று சுத்தியலால் தட்டிக் காட்டினார். கணீரென்று சத்தம். சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேல் என் பெயரை எழுதினார். "பர்மா தேக்கு போட்ட வீட்டு வாசல்ல நிக்கப் போறது, அதுக்குத் தக்கனதான் செய்வேன்" என்றார். 9,000 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

எடுக்கப் போனபோது பெட்டி பளபளவென்று சாம்பல் நிறத்தில் நின்றது. பெயிண்ட் வேண்டாம் என்றேனே என்று கேட்டால், "ஆச்சிக்கு வேலை மிச்சம், ஒரு கோட்டு நம்ம கணக்குல" என்று சிரித்தார். குழாயின் அடிவாயிலும் தகடு வைத்து மூடியிருந்தார். கனத்தைப் பார்க்க எங்கேயும் வழி இல்லை. மீதி 5,500 ரூபாயையும் வாங்கிக்கொண்டார். மொத்தம் 14,500.

மழை பிடித்ததும் மூட்டுகளிலிருந்து சாம்பல் நிறப் பொடி கட்டிக்கட்டியாக உதிர்ந்தது. பட்டி! பெயிண்டுக்கு முன்னால் பள்ளம் நிரப்பத் தடவுகிற பசை. வெல்டிங் நாலு விரலுக்கு ஒரு பொட்டுதான், நடுவில் உள்ள சந்தெல்லாம் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார். சுரண்டினால் உள்ளே துத்தநாகப் பூச்சே இல்லாத சாதா இரும்புத் தகடு. தம்பி கனம் அளக்கிற வெர்னியர் கருவியை வைத்துப் பார்த்தான், 0.9 மில்லிமீட்டர். நான் கேட்ட தகட்டில் இந்த அளவுக்குச் செய்தால், கூரை நீட்டலைச் சேர்க்காமலே பெட்டி ஏழு கிலோவுக்கு மேல் வரும். இது பூட்டோடு சேர்த்து நாலரைக் கிலோ. என் பெயர் எழுதிய தகடு யார் வீட்டு வேலைக்குப் போனதோ!

முதலில் போனை எடுத்தார். வெல்டர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். அப்புறம் முகூர்த்த நாள், ஆர்ச் வேலை முடியட்டும் என்றார். அப்புறம் "மழைன்னா எந்த இரும்பும் துருப்பிடிக்கத்தான் செய்யும் ஆச்சி, கடல் காத்து வேற" என்றார். கடல் எங்கேயோ தொண்டிப் பக்கம் இருக்கிறது! 1948-ல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் இது. துருவைத் தடுப்பது எப்படி என்று ஆராய்வதற்கே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கடல் காற்றுக் கதை. நேரில் போனேன். பையன் வெளியே வந்து, "பில் இருக்கா?" என்றான். அவர்கள் கொடுத்தது தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. அதில் கேஜும் இல்லை, ஜிஐ என்றும் இல்லை.

பெட்டி செய்வது எப்படி என்று படத்தோடு விளக்கமாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை, இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தகட்டையும் குழாயையும் நீங்களே இரும்புக் கடையில் எடை போட்டு, பில்லோடு வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வெட்டிய துண்டுகளை வெல்டிங்குக்கு முன்னால் நின்று பாருங்கள். பெயிண்ட் அடித்த வேலையைக் கையில் வாங்காதீர்கள், பட்டி எல்லாவற்றையும் மறைத்துவிடும். பேசிய கேஜ், குழாய்க் கனம் இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அதிலும் நடக்கவில்லை என்றால் சிவகங்கை நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. எனக்கு 14,500 ரூபாய் திரும்ப வர வேண்டும், நனைந்த கடிதங்களுக்குப் பங்காளிகளிடம் நான் என்ன சொல்வது என்பதையும் அவர் வந்து சொல்ல வேண்டும். பட்டறைப் பெயரைக் கேட்டு யாரும் எழுதாதீர்கள், புகார் முடியும் வரை சொல்ல மாட்டேன். இதே மாதிரி பட்டி வைத்த வேலை வேறு யாருக்காவது வந்திருந்தால், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.