நீட்டிய கையில் அசையாத தாள்

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய்வந்தேன். மூன்று வாரத்தில் முடிக்க வேண்டிய வேலைகள் ஏராளம். பெரும்பாலானவை சொன்ன நாளில் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இருந்த இரண்டு வரிகளைப் பற்றி மட்டுமே எழுதப்போகிறேன்.

அம்மாவுக்கு 67 வயது. போனில் பேசும்போதெல்லாம் "அசதியாக இருக்கிறது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். வந்திறங்கிய மறுநாளே பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். வெறும் வயிறு, வரிசை, முழங்கையில் அழுத்திய பஞ்சு, மாலை ஐந்து மணிக்கு ரிப்போர்ட்: இதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மாறியிருப்பது எது முதலில், எது பிறகு என்பதுதான். முன்பெல்லாம் டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நாடி பிடிப்பார், அதன் பிறகுதான் துண்டுச் சீட்டில் ஒன்றோ இரண்டோ பரிசோதனை எழுதுவார். இப்போது முதலில் 'முழு உடல் பரிசோதனை', அப்புறம்தான் டாக்டர்.

நான் வசிக்கும் நாட்டில் குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமல் ஒரு சொட்டு இரத்தம் எடுக்க மாட்டார்கள். அந்தக் கடிதத்துக்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே காலையில் நடந்து போய் மாலையில் முடிவை வாங்கிவிடலாம். அந்தப் பெருமிதத்தோடுதான் வீடு திரும்பினேன். மாலையில் அது போய்விட்டது.

பதினோரு பக்க அறிக்கை போனுக்கு வந்தது. சிவப்பில் இருந்தவற்றுள் முதல் வரி டி.எஸ்.எச். 0.02. ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. அதற்கடுத்த வரி, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 2.9. அது 1.7ஐத் தாண்டக் கூடாது. தைராய்டு சுரப்பிக்கு 'இன்னும் சுர' என்று மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஆணைதான் டி.எஸ்.எச். சுரப்பி ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுரந்தால் பிட்யூட்டரி ஆணையை நிறுத்திவிடும். ஆகவே டி.எஸ்.எச். அடியில், டி4 உச்சியில் என்றால் தைராய்டு மிகையாக ஓடுகிறது என்று பொருள். பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே இருந்தது. அறிக்கையைப் பார்த்த டாக்டரும் அப்படித்தான் படித்தார். "படபடப்பு உண்டா?" என்று கேட்டார். "மாடி ஏறினால் கொஞ்சம்" என்றார் அம்மா. தைராய்டைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தைராய்டு மிகையானவர்கள் இளைத்துப்போவார்கள், வியர்த்துக் கொட்டுவார்கள் என்று படித்திருக்கிறேன். அம்மா நான்கு கிலோ கூடியிருந்தார். எல்லோரும் வெயிலில் தவித்த நடுப்பகலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மின்விசிறியை அணைக்கச் சொன்னார். "ஒரே ஒரு நாள் பொறுங்கள் அம்மா" என்று சொல்லி மாத்திரை அட்டையை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். எந்தக் கருவியில், எந்த முறையில் அளந்தார்கள் என்ற விவரத்தோடு அச்சிட்ட பிரதி வேண்டும் என்றேன். ஜன்னலில் இருந்த பையன், "அதுதான் போனுக்கு வந்துவிட்டதே" என்றான். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே பதில். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுபது எண்களைப் போனில் அனுப்பத் தெரிகிறது, ஒன்றுக்கு விளக்கம் கேட்டால் ஆள் இல்லையா? "அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் யாரோ அவரைக் கூப்பிடு" என்று குரலை உயர்த்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வந்தார். உயிர்வேதியியலில் பட்டமேற்படிப்பு முடித்த மருத்துவர். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. "அம்மாவை அழைத்து வர முடியுமா? பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே என் கோபம் பாதி தணிந்துவிட்டது.

அடுத்த நாற்பது நிமிடம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அறிக்கையை அச்சிட்டு எடுத்து வந்தவர், தைராய்டு பக்கத்தைத் திறக்கவே இல்லை. விரல் நேராகக் கொலஸ்ட்ராலுக்குப் போனது. 268. அம்மாவின் கோப்பிலிருந்த சென்ற வருடத்துத் தாளில் 204. (நான் வசிக்கும் நாட்டில் வேறு அலகில், இதையே 6.9 என்று எழுதுவார்கள். முதல் நாள் இரவெல்லாம் பெருக்கி வகுத்துக்கொண்டிருந்தேன்.) "தைராய்டு ஹார்மோன் கூடினால் கல்லீரல் இரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அளவு இறங்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு ஏறியிருக்கிறது" என்றார். அடுத்து கல்லீரல் பகுதி. எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி 52, சற்றுக் கூடுதல். எஸ்.ஜி.பி.டி. என்ற இன்னொரு நொதி 24, சரியான அளவு. "கல்லீரல் கெட்டால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து ஏறும். முதலாவது மட்டும் ஏறினால் தசையையும் சந்தேகிக்க வேண்டும்." உள்ளே யாரிடமோ சொல்லி, எடுத்துவைத்திருந்த சீரத்திலேயே சி.கே. என்ற தசை நொதியை அளக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் வந்த விடை 340, அதுவும் கூடுதல். தைராய்டு மந்தமானால் இந்த நொதி தசையிலிருந்து கசிந்து இரத்தத்தில் கூடும் என்றார்.

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். விரல்களை விரித்து வையுங்கள்." அந்த அறிக்கையிலிருந்தே முதல் தாளைப் பிரித்து அம்மாவின் விரல்கள் மேல் வைத்தார். தைராய்டு மிகையானவர்களின் கையில் நுண்ணிய நடுக்கம் இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத நடுக்கத்தைத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தாளின் ஓரம்கூட அசையவில்லை. தைராய்டு மிகை என்று அச்சடித்த தாள், மேசை மேல் கிடப்பது போல அம்மாவின் கை மேல் கிடந்தது. அடுத்து, நாற்காலியில் மண்டியிடச் சொல்லிக் குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. ஆனால் பழைய இடத்துக்கு மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. நாடித்துடிப்பு 58.

"இவருக்குத் தைராய்டு மந்தம். ஆனால் நாங்கள் கொடுத்த எண் நேர் எதிராகச் சொல்கிறது. இவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?"

"ஒன்றும் இல்லை" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "நீ அனுப்புவாயே, அது?"

தலைமுடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று நான் ஒவ்வொரு முறையும் கொடுத்தனுப்பும் வைட்டமின் புட்டி. அதை மருந்து என்றே நான் எண்ணியதில்லை. போனில் அதன் படத்தைத் தேடிக் காட்டினேன். பயோட்டின், 10,000 மைக்ரோகிராம். வயதுவந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். முன்னூறு மடங்குக்கும் மேல்! "பரிசோதனை அன்று காலையும் போட்டேன். தண்ணீரோடுதான் போட்டேன், வெறும் வயிறு கெடவில்லையே" என்றார் அம்மா, தவறு செய்துவிட்டோமோ என்ற முகத்தோடு.

அந்த மருத்துவர் ஒரு வெற்றுத்தாளை எடுத்து எனக்கு வரைந்து காட்டினார். டி.எஸ்.எச். மூலக்கூறை, அதை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதங்களான இரண்டு ஆன்டிபாடிகள் இரு பக்கமும் பிடிக்கும். ஒன்றின் வாலில் பயோட்டின் கட்டியிருப்பார்கள். மற்றதில் ஒளி தரும் பொருள். குழாயில் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய நுண்மணிகள் இருக்கும். பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும் ஒட்டினால் பிரிக்க முடியாது. இயற்கையில் அறியப்பட்ட மிக வலுவான பிணைப்புகளில் அதுவும் ஒன்று. மணிகளை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கழுவிவிட்டால், மிஞ்சும் ஒளி எவ்வளவோ அவ்வளவு டி.எஸ்.எச். ஆனால் இரத்தத்திலேயே பயோட்டின் பெருகிக் கிடந்தால்? மணிகளில் உள்ள இடத்தையெல்லாம் அது முந்திக்கொண்டு பிடித்துவிடும். டி.எஸ்.எச். கழுவும் நீரோடு போய்விடும். ஒளி குறையும், எண் இறங்கும்.

டி4 சிறிய மூலக்கூறு. இரண்டு ஆன்டிபாடிகள் பிடிக்க அதில் இடமில்லை. அதனால் அதற்குப் போட்டி முறை: இரத்தத்தில் உள்ள டி4ம் குழாயில் சேர்க்கும் டி4ம் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டியிடும். அங்கே ஒளி குறைந்தால் டி4 அதிகம் என்று கருவி கணக்கிடும். இடைஞ்சல் ஒன்றுதான், ஆனால் ஓர் எண் பொய்யாக இறங்குகிறது, இன்னொன்று பொய்யாக ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து தைராய்டு மிகையை அச்சு அசலாகக் காட்டுகின்றன. கொலஸ்ட்ரால், எஸ்.ஜி.ஓ.டி., சி.கே. ஆகியவற்றை அளப்பது நொதிகளின் வினையை வைத்து. அவற்றில் பயோட்டினுக்கு வேலையே இல்லை. அதனால்தான் அவர் அந்த எண்களை நம்பினார், இவற்றைச் சந்தேகித்தார். எந்த எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தவரால் மட்டுமே எழுபது எண்களில் இரண்டைத் தனியே ஒதுக்க முடியும். எல்லாக் கருவியிலும் இந்தக் கோளாறு வராது, பயோட்டினைப் பயன்படுத்தும் முறைகளில் மட்டும்தான் வரும் என்றும் சொன்னார். கருவியின் விவரத்தை நான் கேட்டதில் நியாயம் இருந்தது என்று அப்போது தோன்றியது.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையும் இதே பயோட்டினால் பொய்யாகக் குறையலாம். அதிக அளவு பயோட்டின் எடுத்துக்கொண்ட ஒருவர், ட்ரோபோனின் தவறாகக் குறைந்து காட்டியதைத் தொடர்ந்து இறந்துபோனதாக அந்த எச்சரிக்கையிலேயே இருக்கிறது. நான் பல்பொருள் அங்காடியில் மற்ற சாமான்களோடு கூடையில் போட்டுவரும் புட்டி அது. அதன் மேல் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரத்தம் எடுக்கும் முன் நிரப்பிய படிவத்திலும் வைட்டமின் பற்றி ஒரு கேள்வி இல்லை. எனக்கு இரண்டு நாட்டின் மீதும் கோபம் வந்தது.

"மூன்று நாள் நிறுத்திவிட்டு வாருங்கள். பயோட்டின் தண்ணீரில் கரைவது, சிறுநீரில் போய்விடும். உடம்புக்கு அது ஒரு கெடுதலும் செய்யவில்லை" என்று அம்மாவின் தோளைத் தொட்டுச் சொன்னார். மறுபரிசோதனைக்குப் பணம் வாங்கவில்லை. முதல் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கார்பிமசோல் எழுதிய டாக்டரையும் அவரே போனில் அழைத்துப் பேசினார்.

நான்காம் நாள் டி.எஸ்.எச். 14.6. ஃப்ரீ டி4 0.7. சுரப்பி சோர்ந்து கிடக்க, பிட்யூட்டரி ஓயாமல் ஆணையிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நான்கு கிலோ, குளிர், அசதி, மாடிப்படியில் வாங்கிய மூச்சு எல்லாம் அதனால்தான். என் பைக்குள் இருந்த கார்பிமசோல், தைராய்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரை. ஏற்கெனவே மந்தமான சுரப்பியை அது இன்னும் அழுத்தியிருக்கும். அரிதாகச் சிலருக்கு இரத்த வெள்ளணுக்களையும் அது அபாயகரமாகக் குறைத்துவிடுமாம். அட்டையைப் பிரிக்காமலேயே மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளிநாட்டில் இருபது வருடமாக இரத்தம் கொடுத்துவருகிறேன். முடிவு நள்ளிரவில் செயலியில் வந்து விழும். பழைய முடிவுகளெல்லாம் ஒரே எண்ணின் கீழ் வரிசையாக இருக்கும். அந்த ஒழுங்கு இங்கே இல்லை, அம்மாவின் கோப்புதான் அந்த வேலையைச் செய்தது. ஆனால் என் இரத்தத்தை அளந்தவர் ஒருவரின் முகத்தையாவது நான் பார்த்ததுண்டா? இல்லை. ஜன்னலில் கத்தினால் உள்ளேயிருந்து ஒருவர் எழுந்து வந்து, நாற்காலி இழுத்துப் போட்டு, அம்மாவின் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பது அங்கே நடக்காது. அதே சமயம், கத்தியிருக்காவிட்டால் இங்கேயும் நடந்திருக்காது. அந்தப் பையனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவன் அறிந்ததெல்லாம் அச்சுப்பொறி மட்டும்தான். அவனுக்கு யாரும் வேறொன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அலமாரியை ஒழித்தேன். துணிகளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பயோட்டின் புட்டிகள், பிரிக்காதவை. "நீ அனுப்பியது, தூக்கிப் போட மனம் வரவில்லை" என்றார் அம்மா. நான் அனுப்பிய கால்சியம் மாத்திரையும் இருந்தது. மந்தத்தை ஈடுகட்ட அம்மாவுக்கு இப்போது தைராக்சின் என்ற ஹார்மோன் மாத்திரை. கால்சியத்தை அதோடு சேர்த்துப் போட்டால் தைராக்சின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்று அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். தைராக்சின் காலையில் வெறும் வயிற்றில், கால்சியம் இரவில் என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.

தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகுமாம். அளவு நிலைபெற ஆறு வாரமாவது வேண்டும், அதற்கு முன் சோதிப்பதில் பயனில்லை என்று சொல்லியிருந்தார்கள். நேற்றோடு ஆறு வாரம் முடிந்தது. டி.எஸ்.எச். 6.1. இந்த முறை அறிக்கை என் போனுக்கு வருவதற்கு முன்பே அந்த மருத்துவர் அம்மாவை அழைத்து, மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும், டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அம்மா என்னிடம் எண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்துவிட்டதாகச் சொன்னார்.