ஆயில் கூலரை டம்மி பண்ணலாமா? பொள்ளாச்சியில் பார்த்த பட்டறை வேலை

கனடாவின் எட்மன்டனிலிருந்து ஊருக்கு வந்திருந்த நேரத்தில் அண்ணனின் வண்டி வேலை வைத்துவிட்டது. ஏழு பேர் உட்காரும் டர்போ டீசல் வண்டி. பொள்ளாச்சியில் சரக்கு ஏற்றிக்கொண்டு வாரத்தில் பாதி நாள் வால்பாறைக்கு ஏறும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் இருக்கும் டப்பாவைத் திறந்தால் பழுப்பு நிறத்தில் கூழாக எண்ணெய். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்த அடையாளமே இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை.

இப்படி இருந்தால் சந்தேகம் முதலில் ஆயில் கூலர் மேல்தான் போக வேண்டும். இந்த மாதிரி டீசல் வண்டிகளில் அது எஞ்சினின் பக்கவாட்டில், ஆயில் ஃபில்டரை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் ஒரு தகட்டு அடுக்கு. ஒரு இடைவெளியில் ஆயில் ஓடும், அடுத்ததில் கூலன்ட் ஓடி அந்த ஆயிலின் சூட்டை வாங்கிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம்தான் அதிகம். நடுவில் ஓட்டை விழுந்தால் ஆயில் கூலன்ட் பக்கம் பாயும். எஞ்சின் பிளாக்குக்கும் மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனாலும் ஆயில் கலக்கலாம். ஆனால் அதில் பெரும்பாலும் வேறு அடையாளங்களும் கூடவே வரும்.

முதலில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனோம். வரவேற்பு, உட்கார இடம், போனுக்கு உடனே வரும் எஸ்டிமேட் எல்லாமே நன்றாக இருந்தன. ஹெட் கேஸ்கெட், கூலர், ரேடியேட்டர் மூன்றையும் மாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எதைச் சோதித்துப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அட்வைசர் மறுபடியும் எஸ்டிமேட்டைத்தான் காட்டினார். கழற்றிச் சோதியுங்கள், அதற்குத் தனியாகக் கூலி தருகிறேன் என்றேன். அப்படித் தனியாக பில் போடும் வழக்கம் இல்லையாம். கனடாவில் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கே தனிக் கட்டணம் வாங்குவார்கள். அது வலிக்கும்தான், ஆனாலும் தேவையில்லாத சாமானை மாற்றும் செலவு மிச்சமாகும். நம் ஊரில் அந்த வேலைக்கும் ஒரு விலை வைத்து, வெளிப்படையாக வாங்கிக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.

அப்புறம் அண்ணனுக்குத் தெரிந்த பட்டறை, உடுமலை ரோட்டில். மேஸ்திரி அறுபதை நெருங்கியவர். டப்பாவை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். "கூலர்தானுங்க தம்பி. டம்மி பண்ணிரலாம். லேத்துல ஒரு பிளேட்டு அடிச்சுப் போட்டா, சாயங்காலமே வண்டிய எடுத்துக்கலாம்."

"கூலர்தான்னு உறுதியாத் தெரிஞ்சுக்க முடியுமாண்ணா?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூலரைக் கழற்றி, ஆயில் போகும் துளைகளில் ஒன்றை ரப்பர் வைத்து போல்ட்டால் இறுக்கி, இன்னொன்றில் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து காற்று கொடுத்து, பக்கெட் தண்ணீரில் முக்கினார். ஒன்றும் வரவில்லை. "பச்சத் தண்ணியில காட்டாதுங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து டீக்கடையில் கொதிக்கும் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார். அதில் முக்கியதும், கொஞ்ச நேரத்தில் ஒரு மூலையிலிருந்து ஊசி முனை அளவில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. உலோகம் சூட்டில் விரியும்போதுதான் அந்தக் கீறல் திறக்கிறது. ஹெட்டைக் கழற்றும் பேச்சு அங்கேயே முடிந்தது.

இனி கேள்வி, புதுக் கூலர் போடுவதா, டம்மியா என்பதுதான். டம்மி என்றால், கூலர் இருந்த இடத்தில் ஆயில் வரும் துளையையும் திரும்பும் துளையையும் ஒரு பள்ளத்தால் இணைத்து, கூலன்ட் வழியை அடைத்துவிடும் தகடு. கோவை, பொள்ளாச்சி லேத் பட்டறைகளுக்கு இது பெரிய வேலையே இல்லை. செலவும் புதுக் கூலருக்கு ஆவதில் சின்னப் பங்குதான். மேஸ்திரி சொன்ன நியாயமும் தள்ளக்கூடியதல்ல: "இல்லாத சாமான் ரிப்பேர் ஆகாதுங்களே. மாருதி 800-ல கூலரா இருந்துச்சு?"

இல்லைதான். ஆனால் அது டர்போ இல்லாத 796 சிசி பெட்ரோல் எஞ்சின். அதன் சூட்டுக்கு, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் படும் காற்றே போதும். அண்ணன் வண்டியில் டர்போவின் தண்டு சுழல்வதே ஆயில் படலத்தின் மேல்தான். அதன் புகைப் பக்கம் 700 டிகிரிக்கு மேலும் போகக்கூடும். அந்தச் சூட்டின் ஒரு பங்கு ஆயிலோடுதான் சம்ப்புக்கு வருகிறது. ஆழியார் செக்போஸ்ட் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். சரக்கோடு முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது, முன்னாலிருந்து வரும் காற்றோ குறைவு. ஆயில் 100 டிகிரியைச் சுற்றி இருக்கும்வரை கவலையில்லை. 130-ஐத் தாண்டி நீடித்தால் நீர்த்துப்போகும், அழுத்தம் இறங்கும், சீக்கிரம் கெட்டு கசடாகும். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால் டம்மி போட்டும் வருடக்கணக்கில் ஓடலாம். மலை ஏறும் டர்போ டீசலுக்கு அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எட்மன்டனில் இதே சாமான் நேர்மாறான வேலையும் செய்கிறது. ஜனவரியில் மைனஸ் 30 வரைகூடப் போகும்; அப்போது ராத்திரியில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை பிளக்கில் செருகி வைப்போம். காலையில் வண்டியைக் கிளப்பினால் ஆயிலைவிட கூலன்ட் சீக்கிரம் சூடாகும். அந்தச் சூட்டை இந்தத் தகடுகள்தான் ஆயிலுக்குக் கடத்தும். அதனால் அங்கே யாரும் அதைக் கழற்ற நினைப்பதில்லை.

கழற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்வது வேறொரு வகையை. பந்தய வண்டி மாதிரி இருக்க வேண்டும் என்று பம்பருக்குப் பின்னால் ஹோஸ் போட்டுத் தனியாக மாட்டும் காற்றுக் கூலரை, ஆயில் சூடாகும்வரை வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல், டவுனுக்குள் ஓடும் வண்டியில் வைப்பது. ஆயில் சூடேறவே நேரம் எடுக்கும், உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது, ஒவ்வொரு ஹோஸ் மூட்டும் கசிய ஒரு இடம்.

அண்ணன் வண்டியின் கூலர் ஏன் போனது என்பது, கழற்றியபோதே கண்ணில் பட்டது. கூலன்ட் ஓடும் பக்கம் முழுக்க வெந்நீர் அண்டாவில் படிவதுபோல வெள்ளைப் படிவம். இத்தனை வருடமும் டப்பாவில் அளவு குறையும்போதெல்லாம் போர்த் தண்ணிதான் ஊற்றியிருக்கிறார்கள். "இங்க ஐஸா கட்டப்போகுது?" என்பது பரவலான எண்ணம். உறையாமல் தடுப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். அலுமினியத்தை அரிக்க விடாமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைகள். பொள்ளாச்சி வெயிலில் அந்த இரண்டும்தான் முக்கியம். கூலரை டம்மி பண்ணிவிட்டு அதே தண்ணியை ஊற்றியிருந்தால் அடுத்து ரேடியேட்டர் போயிருக்கும். மேஸ்திரியிடம் இதைச் சொன்னதும், "அது வாஸ்தவங்க" என்று அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு டம்மி பேச்சை அவரே எடுக்கவில்லை.

ஒரிஜினல் கூலரும், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங் செட்டும் கோவையிலிருந்து வந்தன. பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே பேச்சு. உண்மையான சிரமம் கழுவுவதில்தான். பாத்திரம் கழுவும் திரவம் கலந்து எஞ்சினைச் சூடாக்கி ஓடவிட்டு, வடித்து, நல்ல தண்ணீர் விட்டு, மறுபடியும். வடிவது நிறம் மாறும்வரை பட்டறைப் பையன் சலிக்காமல் செய்தான். எண்ணெய் ஊறி உப்பியிருந்த ஹோஸ்களை மாற்றினார்கள். கடைசியில் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. பழைய கூலரைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். நான் கேட்டதால், எந்தக் கூலன்ட் எவ்வளவு ஊற்றினார்கள் என்பதையும் பில்லில் எழுதினார்கள்.

நான் திரும்பி வந்த பிறகு அண்ணன் வாட்ஸ்அப்பில் டப்பாவின் படம் அனுப்பினார். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தது. உள்ளே எங்கோ ஒட்டியிருந்த மிச்சம்தான், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையவில்லை. மேஸ்திரி இன்னொரு முறை கழுவ வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அதற்குக் கூலி வேண்டாம் என்றும்.