குறிஞ்சிப் படத்தை எங்கே வைப்பது?

கொடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி 2006-இல் பூத்தது, பிறகு 2018-இல். அடுத்தது 2030. இன்று இணையத்தில் ஏற்றும் படம் அன்றைக்குத் தேடுபவர் கையில் கிடைக்குமா? மலைப்படங்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். இன்ஸ்டாகிராம் இதில் முதல் சுற்றிலேயே அவுட். 6000 பிக்சல் அகலத்தில் எடுத்த மலைத்தொடர் அங்கே 1080-க்குச் சுருங்கி, போன் திரையில் ரிப்பன் மாதிரி கிடக்கும். இரண்டு நாளில் அதுவும் கீழே போய்விடும்.

படம் பகிரும் தளமான ஃபிளிக்கர் 2004-இல் வந்தது. 2006 பூப்பையே பார்த்த தளம். யாஹூவிடம் போய், 2018-இல் ஸ்மக்மக் என்ற இன்னொரு படத்தள நிறுவனத்தின் கைக்கு மாறி, இன்னும் ஓடுகிறது. கேமரா விவரம், வரைபடம், உரிமம் எல்லாம் படத்தோடேயே இருக்கும். கைமாறிய பிறகு இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று வரம்பு வந்தது. வந்தால் என்ன, அதற்குமேல் நல்ல படம் யாரிடம் இருக்கிறது? (வரைபடத்தில் இடத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிக் குறியுங்கள். பூத்த சரிவு எது என்று தெரிந்தால் மறுவாரமே செடிகள் மிதிபட்டுக் கிடக்கும்.)

500பிஎக்ஸ் என்ற படத்தளம் பார்வைக்கு இதைவிட அழகு. 2009-இல் டொராண்டோவில் தொடங்கியது. 2018-இல் விஷுவல் சைனா குரூப் என்ற சீன நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு படம் விற்கும் சந்தையும், படத்தைப் பிறர் இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் போயின. அந்த முறை குறிஞ்சி பூப்பதற்குள்ளேயே!

கிளாஸ் 2021-இல் வந்த சந்தாத் தளம். விளம்பரம் இல்லை, லைக் எண்ணிக்கையும் காட்டாது. நிம்மதியான இடம்தான், ஆனால் படம் எடுப்பவர்களே படம் எடுப்பவர்களுக்குக் காட்டிக்கொள்வது.

நிலைத்து நிற்பதில், விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் பொதுக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸை நம்புவேன். தமிழ் விக்கிப்பீடியாவின் குறிஞ்சிக் கட்டுரையில் நம் படம் ஏறிவிட்டால் பள்ளிப்பிள்ளைகள்வரை பார்ப்பார்கள். ஆனால் கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. பெயர் போட்டுவிட்டு யாரும் காலண்டர் அடித்து விற்கலாம். கட்டுரையில் படத்தின் கீழே நம் பெயரும் வராது. சொடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் விற்க நினைக்கும் படத்தை அங்கே ஏற்றுவதில்லை; அதே விடியலில் எடுத்த இன்னொரு ஃபிரேமைக் கொடுத்துவிடுவேன்.

சொந்தத் தளத்தில் அளவு, வரிசை, எழுத்து எல்லாம் நம் இஷ்டம். பிரிண்ட் விற்கவும் அதுதான் வசதி. டொமைனுக்கு (தள முகவரிக்கு) மட்டும் காலாகாலத்தில் பணம் கட்ட வேண்டும். கார்டு காலாவதியானதைக் கவனிக்காமல் ஒருமுறை என் தளம் மூன்று வாரம் மறைந்துபோனது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. தானாக யாரும் வரமாட்டார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. அப்போதிலிருந்து ‘விடியல் மௌனம்’ போன்ற தலைப்புகளை விட்டுவிட்டு, ‘குறிஞ்சி, கொடைக்கானல், ஆகஸ்ட் 2018’ என்று எழுதுகிறேன். தேடி வருபவர் இந்தச் சொற்களைத்தானே கூகுளில் அடிப்பார்?

இப்போதைக்கு என் ஏற்பாடு: மூலக் கோப்புகள் இரண்டு ஹார்டு டிஸ்க்கில், பார்வைக்கு ஃபிளிக்கர், விற்பனைக்குத் தளம். கிளாஸ் சந்தாவை இந்த மாதம் நிறுத்திவிட்டேன்.